யார் வீட்டுப் பிள்ளை

எங்கள் ஊர் ரோட்டரி சங்கத்தின் மாத இதழ் கைக்கு வந்ததும் பலரும் கடைசிப் பக்கத்துக்குப் போவார்கள். பிறந்தநாள், திருமணநாள் பட்டியல் அங்கேதான் இருக்கும். நான் இரண்டாம் பக்கத்தைப் புரட்டுவேன். வரும் வாரங்களில் பேச வருபவர் யார், குடும்பச் சுற்றுலா எங்கே, இளைஞர் பரிமாற்றத்தில் எந்த நாட்டுப் பிள்ளை வருகிறது, யார் வீட்டில் தங்கப்போகிறது என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கண் சிகிச்சை முகாமுக்கும் தையல் இயந்திரம் வழங்கியதற்கும் வண்ணப் படங்களோடு நடுப்பக்கம். நடுப்பக்கம்தான் சேவை, இரண்டாம் பக்கம் பொழுதுபோக்கு என்று உறுப்பினர்களே நினைக்கிறார்கள். வெளியில் இருப்பவர்கள் இன்னும் கடுமையாகச் சொல்வார்கள்: சாப்பிடவும் பொன்னாடை போர்த்திக்கொள்ளவும் ஒரு சங்கம்.

நீண்ட காலம் உள்ளே இருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன். இரண்டாம் பக்கம் செழித்த ஆண்டுகளில்தான் எங்கள் நடுப்பக்கமும் செழித்திருக்கிறது. இது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

இந்த இயக்கம் பிறந்த விதமே அப்படித்தான். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் யூனிட்டி பில்டிங் என்ற கட்டடத்தின் 711ஆம் எண் அறையில் நான்கு பேர் கூடினார்கள். வழக்கறிஞர் பால் ஹாரிஸ், நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீல், சுரங்கப் பொறியாளர் கஸ்டாவஸ் லோர், தையல் தொழில் செய்த ஹைரம் ஷோரி. ஊருக்கு நல்லது செய்யவேண்டும் என்று அவர்கள் கூடவில்லை. ஹாரிஸ் வெர்மான்ட் மாநிலத்தில் வாலிங்ஃபோர்டு என்ற சிற்றூரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். சிகாகோவில் அவருக்குக் கட்சிக்காரர்கள் இருந்தார்கள்; ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருக்க ஆள் இல்லை. ஒரு நாள் மாலை சக வழக்கறிஞரான ஒரு நண்பர் குடியிருந்த பகுதியில் அவரோடு நடந்துபோனபோது, கடைக்குக் கடை ஆட்கள் அந்த நண்பரைப் பெயர் சொல்லி விசாரித்ததைப் பார்த்தார். தன் ஊரில் இருந்தது இங்கேயும் கிடைக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தோன்றியது. அதைச் செயலாக்கச் சில ஆண்டுகள் ஆயின. 1907இல்தான் சிகாகோவில் பொதுக் கழிப்பறை கட்டவேண்டும் என்று அந்தச் சங்கம் முயற்சி எடுத்தது. முதலில் தனிமைக்கு மருந்து தேடினார்கள். கழிப்பறை பிறகு வந்தது.

அந்த வரிசையை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். 1985இல் உலகளவில் போலியோ ஒழிப்பைக் கையில் எடுத்தது ரோட்டரி. இந்தியாவில் கடைசியாக போலியோ கண்டறியப்பட்டது 2011 ஜனவரி 13 அன்று, ஹவுராவில். 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்று வந்தது. சுகாதாரத் துறையின் உழைப்புக்குத் துணையாக எத்தனையோ ஊர்களில் சங்கத்துக்காரர்கள் சொட்டு மருந்து முகாம்களில் நின்றார்கள். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் நானும் நின்றிருக்கிறேன். காலை ஏழு மணிக்கு முந்தி வந்து மேசை போட்டு, அழும் குழந்தையைத் தாயின் தோளிலிருந்து திருப்பி, மருந்து விழுங்கிய பிறகு இடது சுண்டுவிரலில் மை வைக்கும் வேலை. சுற்றறிக்கை அனுப்பினால் இதற்கு ஆள் வராது. முந்தின மாதச் சுற்றுலாவில் ஒரே படகில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலம் பிரித்தவன் தொலைபேசியில், "அண்ணே, நீங்க வர்றீங்கல்ல?" என்று கேட்டால் வருவார்கள்.

சுற்றுலாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை என்று டெல்டாக்காரர்கள் ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய இடங்கள்தான். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். எங்கள் சங்கத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் இறந்த பிறகும், ஒவ்வொரு சுற்றுலாவுக்கும் வேன் முதலில் அவர் வீட்டு வாசலில்தான் நிற்கும். அவர் மனைவிக்கென்று முன் இருக்கை. கணவர் உறுப்பினராக இருந்த காலத்தில் அவர் 'ஆன்' என்ற கணக்கில் வந்துகொண்டிருந்தார். மனைவியரை அப்படி அழைக்கும் பழக்கம் பல சங்கங்களில் இன்னும் இருக்கிறது. பெண்களை உறுப்பினராகச் சேர்க்க ரோட்டரி சம்மதித்ததே 1989இல்தான். 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்த பிறகு நடந்தது அது. 2022இல்தான் ஜெனிஃபர் ஜோன்ஸ் என்ற பெண் முதன்முறையாக உலகத் தலைவரானார். அவ்வளவு தாமதித்த இயக்கம் இது. ஆனால் கணவர் போனதும் அழைப்புகள் நின்றுவிடும் இந்த ஊரில், சொந்தக்காரர் அல்லாத ஒரு கூட்டம் ஒரு கைம்பெண்ணின் வாசலில் வேனை நிறுத்தி ஹாரன் அடிப்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. அறுபது வயதுக்கு மேல் நம்மை யார் அழைப்பார்கள் என்ற கேள்விக்கு நம் சமூகத்தில் சொந்தம் ஒன்றே பதிலாக இருக்கிறது. அந்தப் பதில் எல்லோருக்கும் போதவில்லை.

பேச்சாளர் விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற விதி இருந்தது. ஒரு வழக்கறிஞர் இருந்தால் இன்னொருவருக்கு இடமில்லை. அந்த விதி இப்போது தளர்ந்துவிட்டது. ஆனால் அதன் நோக்கம் நல்லது: தன் தொழில்காரனோடு மட்டுமே பேசிக்கொண்டிருப்பவனை இன்னொரு தொழிலின் முன்னால் உட்காரவைப்பது. வாராவாரம் ஒரு பேச்சாளர் வருவதும் அதற்காகத்தான். நாம் தேர்ந்தெடுக்காத விஷயத்தை, நமக்கு உடனே பயன்படாத விஷயத்தை, எழுந்து போகாமல் அரை மணி நேரம் கேட்பது ஒரு பயிற்சி. கையில் இருக்கும் போன் நமக்குப் பிடித்ததையே மேலும் மேலும் காட்டும் காலத்தில் இப்படிக் கேட்கக் கற்றுத்தரும் இடங்கள் குறைந்துவிட்டன.

யாரை அழைக்கிறோம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதிகாரிகள், பெரிய டாக்டர்கள், தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் என்று பட்டியல் நீளும்போது கூட்டம் நன்றாகத்தான் சேரும். ஆனால் என் நினைவில் நிற்கும் பேச்சு பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவருடையது. வாய்க்கால் தலைப்பில் ஷட்டரை ஏற்றி இறக்கும் வேலை. மைக்கை அவர் தொடவே இல்லை. மேசைக்கு முன்னால் வந்து நின்று பேசினார். ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தால் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர எத்தனை நாள் காத்திருக்கவேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்தார். புதுத் தண்ணீர் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு எப்படி வரும், அது தெரிந்ததும் மதகடியில் யார் பூ போடுவார்கள், யார் சண்டைக்கு வருவார்கள் என்று சொன்னார். மேலே இருப்பவர்கள் சத்தம் போட்டுக் கேட்பார்களாம். கடைமடைக்காரர் ராத்திரியில் சைக்கிளில் வந்து கரையில் நிற்பாராம், ஒன்றும் கேட்கமாட்டாராம். அப்படி ஆள் நின்ற ராத்திரிகளில் தனக்குத் தூக்கம் வந்ததில்லை என்றார்.

எங்கள் சங்கத்தில் அரிசி ஆலை வைத்திருப்பவர்கள் உண்டு, உரக்கடைக்காரர்கள் உண்டு. எல்லோருமே ஆற்றுத் தண்ணீரால் பிழைப்பவர்கள். அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்ட கையை அன்றுதான் பலர் நேரில் பார்த்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் இப்படிப்பட்டவர்களின் பெயர்கள் இன்னும் வரவேண்டும்: மகப்பேறு வார்டில் ராத்திரி வேலை பார்க்கும் செவிலியர், கருவாடு விற்பவர், மின்கம்பத்தில் ஏறுபவர்.

இனி, பிள்ளைகள். இளைஞர் பரிமாற்றத்தில் 15 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகள் வேறு நாட்டில் போய்த் தங்குகிறார்கள். நீண்ட காலத் திட்டம் என்றால் ஒரு கல்வியாண்டு. அந்த ஊர்ப் பள்ளியில் படிக்கவேண்டும், பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் மாறித் தங்கவேண்டும். விருந்தளிக்கும் குடும்பத்தை முன்கூட்டியே விசாரித்து, வீட்டுக்கு வந்து பார்த்துத்தான் அனுமதிப்பார்கள். வண்டி ஓட்டக்கூடாது, மது கூடாது, போதை கூடாது, காதல் கூடாது என்ற நான்கு கட்டுப்பாடுகளைப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவிடுவார்கள். பேட்ஜ்கள் குத்திய பிளேசரோடு அந்தப் பிள்ளை ரயில் நிலையத்தில் இறங்கும்போது ஊர் வேடிக்கை பார்க்கும். அதுவல்ல முக்கியம். அன்று ராத்திரி அது ஒரு வீட்டில் படுத்துத் தூங்கவேண்டும். அதன் பெற்றோர் இன்னொரு கண்டத்தில் நம்மை நம்பித் தூங்கவேண்டும்.

எங்கள் நண்பர் வீட்டில் மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு பெண் தங்கியிருந்தாள். அந்த வீட்டில், பல வீடுகளைப் போல, ஆண்களும் பிள்ளைகளும் சாப்பிட்டு முடித்த பிறகே நண்பரின் மனைவி சாப்பிடுவார். அந்தப் பெண் இலையைப் பார்த்துக்கொண்டு கையை மடியில் வைத்துச் சும்மா இருந்தாள். காரம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று தயிர் கொண்டுவந்தார்கள். பிரச்சினை அதுவல்ல. சமைத்தவர் உட்காராமல் சாப்பிட ஆரம்பிப்பது அவள் வீட்டில் வழக்கமில்லை. அவளுக்கு அதில் கொள்கை எதுவும் இல்லை, பழக்கம் அவ்வளவுதான். "அம்மா" என்று தமிழில் கூப்பிட்டுப் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் தினமும் அப்படியே காத்திருந்தாள். கொஞ்ச நாளில் பாத்திரங்களை மேசைக்கு நடுவில் வைத்துவிட்டு எல்லோரும் ஒன்றாக உட்கார ஆரம்பித்தார்கள். அவள் ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. அந்த அம்மாவின் சொந்த மகன் பதினாறு வருடம் அதே மேசையில் சாப்பிட்டவன். அவன் கண்ணில் படாதது வேறொரு வீட்டுப் பெண்ணின் கண்ணில் பட்டது.

எத்தனை கண் முகாம் நடத்தினாலும் சேவை நம் வீட்டு வாசலுக்கு வெளியேதான் நிற்கிறது. கொடுப்பவன் கொடுக்கிறான், வாங்குபவன் வாங்குகிறான், இருவரும் மாலையில் அவரவர் வீட்டுக்குப் போகிறார்கள். நம்மவர் அல்லாத ஒரு பிள்ளையை உள்ளே அழைத்து, நம் கழிப்பறையையும் நம் கோபத்தையும் நம் சமையலறை வழக்கங்களையும் பார்க்கவிடுவது வேறு காரியம். அதற்குக் காசோலையைவிட அதிகம் வேண்டும்.

இதில் ஒரு குறை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. விமானக் கட்டணமும் காப்பீடும் பெற்றோர் பொறுப்பு. ஆகவே போகும் பிள்ளை வசதியான வீட்டுப் பிள்ளை. வரும் பிள்ளையும் அநேகமாக அப்படியே. மெக்சிகோப் பெண்ணை மகளாக ஏற்றுக்கொள்ளும் வீடு, பத்து கிலோமீட்டருக்கு அப்பால் குடியிருப்பில் வளரும் பெண்ணை ஒரு வாரம் தங்கவைக்குமா? தூர தேசத்துப் பிள்ளையிடம் நாம் சாதி கேட்பதில்லை. பக்கத்து ஊர்ப் பிள்ளையென்றால் அப்பா பெயரும் தெருப் பெயரும் கேட்போம், அதிலிருந்தே கண்டுபிடித்துவிடுவோம்.

ஆகவே ஜூலை 1 அன்று பொறுப்பேற்கப்போகும் எங்கள் புதிய தலைவரிடம் ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். கடல் தாண்டவேண்டாம், மாவட்டம் தாண்டினால் போதும். அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் டெல்டாப் பிள்ளை நீலகிரியில் ஒரு வீட்டில் கோடை விடுமுறையில் பத்து நாள் தங்கட்டும். அங்கிருந்து ஒரு பிள்ளை இங்கே வந்து நாற்றங்காலைப் பார்க்கட்டும். பேருந்துக் கட்டணத்தைச் சங்கம் கொடுக்கும். வெளிநாட்டுப் பிள்ளைக்கு என்னென்ன பாதுகாப்பு விதிகள் உண்டோ அத்தனையும் இதற்கும் இருக்கட்டும்: வீட்டு விசாரணை, பெற்றோர் சம்மதம், தினமும் ஒரு தொலைபேசி அழைப்பு.

நிர்வாகக் குழுவில் இதைப் பேசியபோது முதலில் வந்த கேள்வி நான் எதிர்பார்த்ததுதான். "யார் வீட்டுப் பிள்ளை வரும்?" என்றார் ஒருவர். பள்ளித் தலைமையாசிரியர் தேர்ந்தெடுப்பார், பெயரும் வகுப்பும் மட்டும் நமக்கு வரும், வேறு எதுவும் நாம் கேட்கமாட்டோம் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, மெக்சிகோப் பெண் தங்கியிருந்த வீட்டு நண்பர், "மாடியில் ரூம் சும்மாதான் கிடக்கு, முதல் பிள்ளையை என் வீட்டுக்கு எழுதிக்குங்க" என்றார். செயலாளர் எழுதிக்கொண்டார். இரண்டாவது வீடு கேட்டு இந்த வாரம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.