ஆடைக் காட்சி காணல் சீலத்திற்கு முரணாகுமோ?

வண்டிப்பெரியார்த் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வாழும் நம் குடும்பங்களைக் காணச் செல்லுங்கால், அண்மைக் காலமாக ஒரு கேள்வி நம்மை எதிர்கொள்கிறது. தையற்கலையும் ஆடை வடிவமைப்பும் பயின்று எர்ணாகுளத்திலும் பெங்களூரிலும் மும்பையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் நம்மவரிலும் இன்று இருக்கின்றனர். மும்பையில் நடைபெறும் லாக்மே பேஷன் வாரத்தைக் கண்டுவர அவர்கள் விரும்புகின்றனர். பெற்றோரோ அஞ்சுகின்றனர். "பௌத்தராகிவிட்ட நாம், மினுக்கும் தளுக்கும் நிறைந்த அவ்விடத்தில் போய் உட்காருவது சீலத்திற்கு அடுக்குமா, ஐயா?" என்று நம்மை வினவுகின்றனர்.

அடுக்கும் என்றோ அடுக்காது என்றோ ஒரு சொல்லில் விடையிறுத்துவிட்டு, கொடுத்த தேநீரை அருந்திவிட்டு வந்துவிடலாம். ஆனால் இக்கேள்வியின் அடியிலே நம் முன்னோர் பட்ட பாடு முழுவதும் கிடக்கிறது. ஆகவே சற்று விரித்தே பேச வேண்டியவராகிறோம்.

இக்காட்சி யாதென அறியாதார் பொருட்டுச் சில சொற்கள். உயிருள்ள மனிதர்க்கு ஆடையை உடுத்தி நடக்கவிட்டு, வாங்குவோர்க்குக் காட்டும் முறையை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் நகரில் வழக்கமாக்கியவர் சார்லஸ் பிரெடரிக் வொர்த் என்னும் ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர் பாரிஸுக்குச் செல்ல வழியற்றுப் போகவே, 1943இல் எலினார் லாம்பர்ட் என்னும் அம்மையார் பத்திரிகையாளர்க்கென நியூயார்க்கில் ஒரு வாரக் காட்சியை ஏற்படுத்தினார். இன்றைய பேஷன் வாரங்களுக்கு அது ஒரு வித்து. நம் நாட்டில் முதலாவது வாரம் 2000ஆம் ஆண்டு டில்லியில் லாக்மே நிறுவனத்தின் பெயரால் நடந்தது. பின்னர் மும்பையும் அதற்குக் களமாயிற்று. ஒரு வடிவமைப்பாளரின் காட்சி பெரும்பாலும் அரைமணிக்குள் முடிந்துவிடும். நீண்ட மேடையில் ஆணும் பெண்ணும் நடந்து வருவர், முகத்திலே சிரிப்பிராது, திரும்பி நடந்து மறைவர். அவ்வளவே. அழைப்புப் பெற்றவரே உட்புகலாம். முதல் வரிசை புகழ்பெற்றோர்க்கும் பெருவணிகர்க்கும் பத்திரிகை ஆசிரியர்க்கும் உரியது. இந்த வரிசை விவகாரத்திற்குப் பின்னர் வருவோம்.

பெற்றோரின் அச்சம் ஆதாரமற்றதன்று. உபோசத நாளில் நாம் ஏற்கும் அட்டசீலத்தின் ஏழாவது, ஆடல் பாடல் இசை வேடிக்கைக் காட்சிகளையும், மாலை, நறுமணம், பூச்சு, அணி ஆகியவற்றையும் விலக்கச் சொல்கிறது. இது பௌர்ணமிக்கு மட்டும் உரியதன்றோ என்று தப்பிக்கவும் வழியில்லை. சிங்காலன் என்னும் இல்லறத்தானுக்குப் பகவன் கூறிய அறிவுரையில், காட்சிகளைத் தேடித் திரிதல் செல்வத்தை அழிக்கும் ஆறு வழிகளுள் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அது துறவிக்குச் சொன்னதன்று; நம்மைப் போன்ற குடும்பத்தார்க்கே சொன்னது.

எனினும் சொற்களை நிறுத்துப் பார்க்க வேண்டும். சிங்காலனுக்குக் காட்டப்பட்ட குற்றம் யாது? 'எங்கே ஆடல்? எங்கே பாடல்? எங்கே முழவு?' என்று ஓயாது அலையும் மனமே அங்கே குற்றமாகக் காட்டப்படுகிறது. கண்ணுக்கு முன் வந்த ஒரு காட்சியைக் கண்டது குற்றமென்று சொல்லப்படவில்லை. கையிலுள்ள கைப்பேசியை நள்ளிரவு வரை தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு கிடப்பவர், மும்பைக்குப் போகாமலே இக்குற்றத்திற்கு ஆளாகலாம். உபோசத சீலமோ நாமே வாய்விட்டுச் சொல்லி ஏற்பது. 'சமாதியாமி' என்னும் பாலிச் சொல்லுக்கு 'மேற்கொள்கிறேன்' என்பது பொருள். பிறர் நம்மீது சுமத்தியது சீலமாகாது. அதற்குப் பெயர் கட்டளை.

இந்த வேற்றுமையை நம்மைவிட நன்கறிந்தார் உலகில் எவருளர்? மனு ஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர்க்கு விதித்த உடை பிணத்தின் உடை. விதித்த அணிகலன் இரும்பு. இது ஏட்டோடு நின்றுவிட்ட பழங்கதை என்பாரும் உளர். நம் லயத்து மூதாதையரிற் பலர் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னே மலையேறி வந்தவர்கள். அந்த இராமநாதபுரத்திலே 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன் வெள்ளி நகை கூடாது, ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தலாகாது, சட்டை கூடாது, பெண்கள் மார்பை மறைத்தலாகாது, பூச்சூடலாகாது. மீறியவர்கள் தாக்கப்பட்டனர். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை நடத்திய ஹட்டன் என்னும் வெள்ளைய அதிகாரி இதனைத் தம் நூலில் எழுதிவைத்திருக்கிறார்.

மலையின் இப்புறத்துத் திருவிதாங்கூர் மட்டும் என்ன வாழ்ந்தது? நாடார் பெண்கள் மேலாடைக்காக நெடுங்காலம் அடிபட்ட பின்னர், 1859 ஜூலையில் அரசர் ஓர் ஆணை பிறப்பித்தார். மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் பாணியில் உடுத்தலாகாது என்றது அவ்வாணை. கவனியுங்கள்: துணியைக் கொடுத்தவர்க்குப் பாணியைக் கொடுக்க மனம் வரவில்லை! இன்று பேஷன் என்று வழங்கப்படும் பொருள் அந்தப் பாணியேயாகும்.

இதற்கு மறுதலையாகவும் ஒன்று நிகழ்ந்தது. புலையர் பெண்கள் கல்மாலையை மட்டுமே கழுத்தில் அணிய வேண்டும் என்பது அக்கால வழக்கம். 1915ஆம் ஆண்டுப் பெரிநாட்டுப் போராட்டத்தை அடுத்து, அய்யன்காளியின் அழைப்பை ஏற்றுக் கொல்லத்திலே கூடிய பெண்கள் அந்த மாலைகளை அறுத்தெறிந்தனர். ஓரிடத்தில் துணியை உடுத்தியது விடுதலை. மற்றோரிடத்தில் மாலையைக் களைந்தது விடுதலை. உடுத்தலும் களைதலும் தம்மளவில் அறமுமாகா, பாவமுமாகா. யாருடைய சொல்லால் அது நடந்தது என்பதே நாம் பார்க்க வேண்டியது.

1921 செப்டம்பரில் மதுரையிலே காந்தியார் சட்டையைக் களைந்து அரைவேட்டியை ஏற்றார். நாடு வியந்தது. அதே அரைவேட்டியோடு அன்று அவரைத் தெருவோரத்தில் நின்று பார்த்த நம் பாட்டனாரைக் கண்டு ஒருவரும் வியக்கவில்லை! பாபாசாகேப் அம்பேத்கர் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்ததை ஆடம்பரம் என்று பழித்தவர்கள் இருந்தனர். அவர் 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் தம்மத்தை ஏற்றபோது வெண்பட்டு வேட்டியும் வெண்கோட்டும் அணிந்திருந்தார். இலட்சக்கணக்கானோர் தம்மைப் பார்ப்பர் என்பதை அவர் அறிந்தே உடுத்தியிருப்பார் என்பது நம் எண்ணம்.

பகவன் சங்கத்திற்குத் தந்த உடையின் வரலாறோ இவை யாவற்றினும் வியப்புடையது. பிக்குகள் தொடக்கத்தில் உடுத்தியது குப்பையிலும் சுடுகாட்டிலும் பொறுக்கிய கந்தை. பகவனே உருவேலையில் சுடுகாட்டுத் துணியொன்றை எடுத்துத் துவைத்து உடுத்தினார் என்றும், அது ஓர் அடிமைப் பெண்ணின் உடலைப் போர்த்தியிருந்த துணி என்றும் மரபு கூறுகிறது. எந்தப் பிணத்துணியை இழிவென்று ஒரு கூட்டத்தார்மேல் சுமத்தினார்களோ, அதனையே உலகம் வணங்கும் உடையாக்கிவிட்டார்! பின்னர் மகத நாட்டு வயல்களைக் காட்டி, அவற்றின் வரப்பும் கட்டமும் போலச் சீவரத்தை அமைக்க இயலுமா என ஆனந்தரைக் கேட்டார். ஆனந்தர் துண்டுகளை வெட்டித் தைத்து அவ்வாறே அமைத்தார். பகவன் அவர் அறிவைப் பாராட்டினார். வடிவமைப்பாளர் என்று இன்று ஒரு தொழிலுக்குப் பெயரிருக்கிறதே, நம் சங்கத்தில் அதனை முதலிற் செய்தவர் ஆனந்தர். உழவனின் சேற்று வயலே அவருக்கு மாதிரி. தையல் படிக்கும் நம் பிள்ளைகள் இதனை அறிந்திருத்தல் நலம்.

மணிமேகலையைச் சொல்லாமல் தமிழ்ப் பௌத்தன் இதனை எவ்வாறு பேசுவான்? இந்திர விழாவில் ஆட வேண்டுமென்று புகார் நகரமே எதிர்பார்க்க, மாதவியும் மகளும் மறுத்தனர். ஆடுவது அவர்கள் பிறந்த குலத்தின் கடமை என்று ஊரார் எண்ணினர். அக்கடமையைத்தான் அவர்கள் உதறினர். இதனைக் காட்டி, 'மணிமேகலை மேடையை விட்டாளே, நீ ஏன் மேடையைப் பார்க்கப் போகிறாய்?' என்று நம் பெண்ணைக் கேட்பது பொருந்தாது. மணிமேகலை மேடையேறக் கட்டாயப்படுத்தப்பட்டவள். நம் பெண்ணின் பாட்டியோ மேடையின் அருகிலும் வரவிடப்படாதவள். அவள் விலகிய துணிவும் இவள் நுழையும் துணிவும் ஒன்றே.

இவ்வளவும் கேட்டு, 'ஐயாவே போகச் சொல்லிவிட்டார்' என்று இப்போதே பெட்டி கட்ட வேண்டா. போவதில் தடையில்லை என்றோம். போய்ப் பார்ப்பது எதனை என்னும் கேள்வி இன்னும் எஞ்சி நிற்கிறது.

நாம் நூற்பாலையிலே பல்லாண்டு உழைத்தவர்கள். பஞ்சுப் பொதியை உடைத்து உதறுமிடத்திலிருந்து கோனில் நூல் சுற்றுமிடம் வரை ஒவ்வொரு படியையும் அறிவோம். ஸ்பின்னிங்கில் இழை அறுந்துகொண்டேயிருக்கும். அறுந்த இழையை ஒட்ட ஒரு பெண் எட்டு மணி நேரமும் இயந்திரத்தின் ஓரமாக நடந்துகொண்டேயிருப்பாள். அதுவும் ஒரு நடைதான். அங்கே விளக்கும் உண்டு, இசைக்குப் பதில் காதடைக்கும் இரைச்சலும் உண்டு. பார்க்க மட்டும் ஒருவரும் அழைக்கப்பட்டதில்லை. பஞ்சுத் தூசி நெஞ்சிலே இறங்கி இருமலாகும். மேடையில் சில நொடி மின்னி மறையும் துணிக்குப் பின்னே இத்தனை காலடி இருக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அக்காலடி தெரியாதவாறு அமைந்திருப்பதையே நாம் அவ்வரங்கின் குறையாகக் கருதுகிறோம். மினுக்கை நாம் பெரிதாக எண்ணவில்லை.

2025 ஜூன் மாதம் இத்தாலி நாட்டு மிலான் நகரின் ஆடவர் பேஷன் வாரத்தில் பிராடா நிறுவனம் ஒரு தோற்செருப்பை மேடையேற்றியது. கண்டவுடனே நம் நாட்டார் அது கோலாப்பூர்ச் செருப்பு என்று கூவினர். அந்நிறுவனம் அதனை வெறும் 'தோற்செருப்பு' என்று மட்டுமே குறித்திருந்தது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அச்செருப்பைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருபவர் சாமர் முதலிய தோற்றொழில் மக்கள். எதிர்ப்பு வலுத்த பின்னரே, இந்தியக் கைவினையைத் தழுவியது என அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் மராட்டிய, கருநாடகத் தோற்றொழில் கழகங்களோடு உடன்பாடும் செய்தது. தோலைத் தொட்டவன் தீட்டென்று ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். அவன் செய்த செருப்பு மிலான் மேடையில் ஏறிற்று. அவன் பெயர் மட்டும் வாயிலிலே நிறுத்தப்பட்டது. (அம்பேத்கரை மக்களின் தலைவராகச் சாகு மகாராசர் 1920இல் அறிமுகம் செய்த மாண்காவும் அதே கோலாப்பூர்ச் சமஸ்தானத்திலேதான் இருந்தது.)

மிலான் தொலைவென்றால் திண்டுக்கல் நமக்கு அருகே. வெளிநாட்டுக் கடைகளுக்கு ஆடை தைக்கும் ஆலையொன்றில் வேலை செய்த இளந் தலித் பெண்ணொருத்தி 2021 ஜனவரியில் கொல்லப்பட்டாள். ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஓராண்டுக்கு மேல் போராடி, ஆலை நிருவாகத்தையும் அயல்நாட்டு ஆடை நிறுவனத்தையும் 2022 ஏப்ரலில் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிடச் செய்தது. திண்டுக்கல் உடன்படிக்கை என்று உலகம் அதனை வழங்குகிறது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் வன்கொடுமையைத் தொழிலாளரே கண்காணித்து முறையிட அது வழிசெய்தது.

'இது இருப்பதால் அது உண்டாகிறது' என்னும் சார்பிற்றோற்றத்தை நாம் கூட்டந்தோறும் கேட்கிறோம். அதனை வெறும் பாடமாக ஒப்பிக்காமல் ஒரு சேலையின்மேல் வைத்துப் பார்க்கலாகாதா? இந்தப் பளபளப்பு எந்தச் சாயத்தால்? சாயநீர் எந்த ஆற்றில் விழுந்தது? நூற்றவள் யார், தைத்தவள் யார், எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள்? இவ்வாறு காண்பவர்க்கு அவ்வரங்கும் தியானத்திற்கு உகந்த இடமாகும். 'நமக்கு இல்லையே' என்னும் ஏக்கத்தோடு காண்பவர்க்கோ ஊர்ச் சந்தையும் கேடுதான். ஏங்கித் திரும்பிக் கடன் வாங்கி உடுத்தினால், சிங்காலனுக்குச் சொன்னது அன்றே பலித்துவிடும்.

இனி வரிசைக்கு வருவோம். முதல் வரிசையில் யார், பின்வரிசையில் யார் என்று பெயரெழுதி ஒட்டியிருப்பார்கள். தேநீர்க் கடையில் தனிக் குவளை பார்த்த பரம்பரைக்கு இது புதிதன்று. பின்வரிசை கிடைத்தால் நாணவும் வேண்டா. முன்வரிசை கிடைத்தால் தலைகால் தெரியாமற் போகவும் வேண்டா. ஆனால் நம்மவரைப் பார்த்து மூக்கைச் சுளிப்பவர் இருப்பின், நாம் அணிந்திருப்பது நாமே தைத்தது என்று உரக்கச் சொல்லத் தடையில்லை. சாவத்தி நகரத்து விசாகை அம்மையார் விலையுயர்ந்த அணியைப் பூண்டிருந்தவர். விகாரையுள் நுழையுமுன் அதனைக் கழற்றிப் பணிப்பெண்ணிடம் கொடுத்துவிட்டுத் தம்மம் கேட்டவர். அவர் அணிந்ததைப் பகவன் கடிந்ததாக நாம் அறியோம்.

நடைமுறைக்கு ஒன்று சொல்கிறோம். காட்சி பல நாள் நடக்கும். அட்டசீலம் ஏற்ற பௌர்ணமி அதனிடையே வந்தால் அன்று செல்லாது மறுநாள் செல்லலாம். மும்பை வரை போகிறவர்கள் தாதரில் சைத்திய பூமியையும் கண்டு வருக. திரும்பி வந்ததும் வண்டிப்பெரியார்க் கூட்டத்தில் பத்து நிமிடம் எழுந்து பேச வேண்டும்: என்ன துணி கண்டீர்கள், எந்த ஊர்த் தறியில் நெய்தது, நெய்தவர் பெயரை மேடையில் யாரேனும் சொன்னார்களா, அவருக்கு என்ன கூலி என்று. கொழுந்து பறித்துவிட்டு இடுப்பில் கட்டிய சாக்கை அவிழ்த்து வைத்துவிட்டு வந்து அமரும் நம் தாய்மார்கள் அதனைக் கேட்க முன்வரிசையில் இருப்பார்கள்.