நிரலாளரின் மகிழ்ச்சியும் மனக்குறையும்

மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களிடம் பிடித்தது எது என்று கேட்டால் சம்பளம், ஆன்சைட் வாய்ப்பு, வீட்டிலிருந்தே வேலை என்று பதில் வரும். பிடிக்காதது என்றால் டெட்லைன், ராத்திரி கிளையன்ட் கால், அப்ரைசல், மூன்று மாத நோட்டீஸ் பீரியட். இந்தப் பதில்களுக்கு அடியில் ஒரு பழைய தத்துவக் கேள்வி கிடக்கிறது: உழைப்பவருக்கு நிறைவு தருவது செயலா, அதன் பலனா?

ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 திட்டத்தை நடத்திய ஃபிரெடரிக் புரூக்ஸ், 1975இல் வெளியிட்ட ‘தி மித்திக்கல் மேன்-மன்த்’ நூலின் முதல் அத்தியாயத்திலேயே இந்தத் தொழிலின் இன்பங்களையும் துன்பங்களையும் எழுதிவிட்டார். இன்பங்களில் அவர் முதலில் வைத்தது, ஒன்றை உருவாக்குவதில் உள்ள களிப்பு. ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை கொண்ட புரூக்ஸ், படைப்பதில் இறைவனுக்குள்ள மகிழ்ச்சியின் சாயலே அது என்று கருதினார். டோரத்தி சேயர்ஸ் 1941இல் எழுதிய ‘தி மைண்ட் ஆஃப் தி மேக்கர்’ நூலையும் அவர் துணைக்கு அழைக்கிறார். மனிதப் படைப்பில் மூன்று நிலைகள் உண்டு என்பது சேயர்ஸின் கருத்து: மனதில் எண்ணம் எழுவது, அது உருப்பெறுவது, பிறர் அதை எடுத்துப் பயன்படுத்துவது. மூன்றாவது நிலையை எட்டாத படைப்பு முழுமை பெறுவதில்லை.

இந்த மூன்றாவது நிலைதான் இங்கே பல நிரலாளர்களின் கண்ணில் படுவதில்லை. சென்னையில் தரமணியிலும் சிறுசேரியிலும் நடக்கும் மென்பொருள் வேலையில் ஒரு பகுதி அயல்நாட்டு வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் உரியது. காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் ஒரு நிரல் மாதத்தின் 12ஆம் தேதி வரை ஓடி, 13ஆம் தேதி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ப்ரொடக்‌ஷன் இஷ்யூ என்று நடுராத்திரியில் அழைப்பு வருகிறது. லாக் முழுவதையும் புரட்டிய பிறகுதான் பிடிபடுகிறது: ஒரு பக்கம் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் அனுப்புகிறது, மறுபக்கம் மாதத்தை முதலில் எதிர்பார்க்கிறது. 12 வரை இரண்டும் இடம் மாறியும் மாட்டிக்கொள்ளவில்லை. 13ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் குட்டு உடைந்தது. அதைக் கண்டுபிடிக்கும் நொடியில் தூக்கம், களைப்பு எல்லாம் பறந்துபோகும். அந்த மகிழ்ச்சி சம்பளத்தால் வந்ததல்ல. ஆனால் காலையில் டிக்கெட் மூடப்படுகிறது, அவ்வளவுதான். யாருடைய பணம் அன்று சரியாகப் போய்ச் சேர்ந்தது என்பது அந்த நிரலாளருக்குத் தெரிய வருவதே இல்லை.

கார்ல் மார்க்ஸ் 1844இல் எழுதிய கையெழுத்துப் படிகள் இந்த நிலையை அந்நியமாதல் என்கின்றன. உழைப்பவரின் கையிலிருந்து பிறந்த பொருள் அவருக்கே அயலாகிறது. பிறகு உழைப்பும் அயலாகிறது. மென்பொருளில் முதல் பாதி அப்படியே பொருந்தும், எழுதிய நிரல் கிளையன்டுக்கே சொந்தம். இரண்டாம் பாதி முழுதாகப் பொருந்தாது. வேலைக்குள் இருக்கும் இன்பம் உயிரோடுதான் இருக்கிறது. பலரும் புலம்பிக்கொண்டே இந்தத் துறையில் நிலைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயம், செயலில் மட்டுமே உரிமை, பலனில் இல்லை என்கிறது. இந்தப் போதனை உழைப்பவருக்கு உண்மையிலேயே விடுதலை தரக்கூடியது. பெல் கர்வ் என்ற பெயரில், நன்றாக உழைத்த குழுவிலும் யாராவது ஒருவரைக் கீழே தள்ளியாக வேண்டிய இடத்தில், ரேட்டிங்கைக் கொண்டு தன்னை அளந்துகொள்ளாதவர் மனம் உடைவதில்லை. ஆனால் பலனைத் துறப்பது விளைவைப் பற்றி அக்கறையற்று இருப்பதாகாது என்பதைக் காந்தி 1930இல் வெளியான ‘அநாசக்தி யோகம்’ நூலில் தெளிவுபடுத்தினார். மேலும், கீதையின் இந்தப் போதனை செய்பவரை நோக்கிய உபதேசம். சனி, ஞாயிறு வேலைக்கு ஊதியம் தராமலிருக்கவும், சம்பள உயர்வை நிறுத்திவைக்கவும் நிர்வாகம் இதை எடுத்துச் சொல்வது அநியாயம்.

வேலை கொடுப்பவரின் கடமையைத் திருக்குறளின் ‘தெரிந்து வினையாடல்’ அதிகாரம் நேராகப் பேசுகிறது. தகுதியானவரை ஆராய்ந்து பொறுப்பை ஒப்படைப்பதோடு நில்லாமல், அவரை அதற்கு உரியவராக ஆக்கவும் சொல்கிறது. பொறுப்பு தலைமேல் இருக்க, அதற்கேற்ற அதிகாரம் கையில் இல்லாததைத்தான் புரூக்ஸும் துன்பங்களில் ஒன்றாக எழுதினார். தேதியை முடிவு செய்வது ஒருவர், அந்தத் தேதிக்குள் முடியாவிட்டால் பதில் சொல்வது வேறொருவர் என்ற இன்றைய டெட்லைன் முறையும் இதே குறைதான்.

ஆகவே நிறுவனங்கள் செய்ய வேண்டியது, தேதி குறிக்கும்போது நிரல் எழுதுபவரையும் கேட்பது, ரேட்டிங்குக்குக் காரணம் சொல்வது, அவர் செய்ததைப் பயன்படுத்துபவர் யார் என்று அவருக்குக் காட்டுவது. இவை மூன்றுக்கும் பெரிய செலவு ஏதும் ஆகாது.