இருமுடியும் சோதனைச் சாவடியும்

இருமுடியைச் சோதிப்பது விரதத்தைக் குலைக்குமா? தஞ்சை வட்டாரத்து ஐயப்ப பக்தர் சுமக்கும் இருமுடிப் பையின் முன்பகுதியான முன்முடியில் நெய் நிரப்பி அடைத்த தேங்காய் இருக்கும். விமானக் கைப்பையில் தேங்காய்க்குத் தடை உண்டு. 2024 அக்டோபரில் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம், எக்ஸ்ரே, வெடிபொருள் தடயச் சோதனை, கையால் சோதனை ஆகியவற்றுக்குப் பின் இருமுடித் தேங்காயை 2025 ஜனவரி 20 வரை அனுமதித்தது.

சோதனை புதிதல்ல. சோழர் துறைமுகமான காவிரிப்பூம்பட்டினத்தில் பொதிகளுக்குப் புலிப்பொறி இட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அங்கே சோதனை சரக்குக்கு. இங்கே, விமான நிலையத்தில், விரதம் பூண்ட உடலையும் அது தொடுகிறது. ஆனால் மாலையிட்டவர் எதிர்ப்படும் எவரையும் ‘சாமி’ என்றே அழைக்கிறார். தடவிப் பார்க்கும் காவலரும் சாமியே. அந்தக் கை தீட்டாகாது. கடுஞ்சொல்தான் விரதத்தைக் கெடுக்கும். மரபு விளக்கத்தில் நெய் ஆன்மா, தேங்காய் உடல். சோதனைக் கை எட்டுவது ஓடு வரைதான். நெய்யபிஷேகம் முடிந்ததும் அந்த ஓட்டின் ஒரு பாதி ஆழி எனும் தீக்குண்டத்தில் இடப்படுகிறது.