கேலிக்கும் முறை உண்டு

டிக்கோயா டவுனில், பொகவந்தலாவ பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில், நாலு பையன்கள் ஒரே போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றால் அது கிரிக்கெட்டாக இருக்கலாம். கடைசியில் ஒருவன் இன்னொருவன் முதுகில் ஓங்கி அறைந்து சிரித்தால் கிரிக்கெட் இல்லை. ‘இருட்டு அறையில் முரட்டு குத்து’ மாதிரி ஏதோ ஒரு படத்தின் துண்டு. முழுப்படத்தையும் அவர்களில் யாரும் பார்த்திருக்கத் தேவையில்லை. 2018இல் இந்தியத் தணிக்கையில் ‘ஏ’ சான்றிதழ் வாங்கி, வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று வந்த படம் அது. அதிலிருந்து வெட்டி எடுத்த அரை நிமிடத் துண்டுக்குச் சான்றிதழ் ஏது? 14 வயதுப் பையனின் கைக்கு அது வந்து சேர யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

இந்தச் சிரிப்பில் குற்றம் உண்டா? ‘கலாசாரம் கெட்டுப்போச்சு’ என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘படம்தானே, சிரிச்சிட்டுப் போங்க’ என்று அதே வேகத்தில் விடுதலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் யோசிக்க நேரமில்லை.

தமிழில் இந்த வகைப் படங்கள் திடீரென்று முளைத்தவை அல்ல. 2002இல் ‘துள்ளுவதோ இளமை’ வந்தது. தனுஷின் முதல் படம், வீட்டில் கவனிப்பாரற்றுப் போன பள்ளிப் பிள்ளைகள் ஊரை விட்டு ஓடும் கதை. அடுத்த வருடம் ஷங்கர் இயக்கி, சுஜாதா வசனம் எழுதிய ‘பாய்ஸ்’. அந்த வயதின் அரிப்பையும் அசட்டுத்தனத்தையும் பெரிய செலவில் காட்டி, பெரிய வசவையும் வாங்கிக்கொண்ட படம். இந்த இரண்டிலும் வளர்வதைப் பற்றி ஏதோ சொல்லும் எண்ணமாவது இருந்தது. 2015இல் ‘த்ரிஷா இல்லனா நயன்தாரா’ வந்தபோது சூத்திரம் இறுகிவிட்டது. 2017இல் ‘ஹர ஹர மஹாதேவகி’, மறு வருடம் ‘முரட்டு குத்து’, 2020 தீபாவளிக்கு ‘இரண்டாம் குத்து’ என்று சந்தோஷ் பி. ஜெயக்குமார் அதை ஒரு தனிக் கடையாகவே விரித்தார். ‘முரட்டு குத்து’வில் இரண்டு நண்பர்கள், ஒரு பங்களா, ஆசை தீராமல் செத்துப்போன ஒரு கன்னிப் பேய், இடைவெளி இல்லாமல் இரட்டை அர்த்தம். கதை என்று கேட்டால் அவ்வளவுதான்.

‘இரண்டாம் குத்து’ முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு பாரதிராஜா கொதித்து அறிக்கை விட்டார். அதற்கு இயக்குநர், 1981இல் பாரதிராஜாவே எடுத்த ‘டிக் டிக் டிக்’ படத்தின் விளம்பரத்தை எடுத்துப் போட்டு, அப்போது கூசாத கண் இப்போது கூசுகிறதா என்கிற தோரணையில் பதில் சொன்னார். பிறகு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். பெரியவரிடம் பேசுகிற பேச்சா என்று பலர் கடிந்தார்கள். அது மரியாதைப் பிரச்சினை, தீர்ந்துவிட்டது. ஆனால் அந்த வாயாடித்தனத்துக்குள் ஒரு நியாயமான கேள்வி கிடக்கிறது. பெண் உடம்பைத் துப்பறியும் கதைக்குள், கிராமத்துக் காதலுக்குள், பக்திப் படத்தின் நடனத்துக்குள் ஒளித்து விற்றால் கௌரவம், வெளிப்படையாகச் சொல்லி விற்றால் அசிங்கமா? இந்த அளவில் அவர் சொன்னது சரி. ஆனால் ‘நீயும் செய்தாய்’ என்பது எதிராளியின் வாயை அடைக்குமே தவிர, செய்தது சரி என்று ஆக்காது.

2019இல் ‘90எம்எல்’ வந்தபோது இந்த வழக்கின் இன்னொரு பக்கம் தெரிந்தது. ஓவியாவும் மற்ற நடிகைகளும் ஐந்து தோழிகளாக வந்து குடித்தார்கள், படுக்கை விஷயம் பேசினார்கள், ஆண் நண்பர்கள் செய்கிற அத்தனையையும் செய்தார்கள். அனிதா உதீப் இயக்கிய அந்தப் படம் ஒன்றும் மகத்தான படைப்பு இல்லை. ஆனால் ஆண்கள் பேசினால் ‘இளசுகள் கூத்து’ என்று சிரித்தவர்கள், பெண்கள் பேசியதும் ‘சமுதாயச் சீரழிவு’ என்று எழுந்து நின்றார்கள். அசிங்கம் என்பது பேச்சில் மட்டும் இருந்திருந்தால் இரண்டுக்கும் ஒரே கோபம் வந்திருக்க வேண்டும்.

இங்கே மலையகத்தில், தேயிலைத் தோட்டத்துக்குப் பச்சைப் பேச்சு புதிதா என்ன! கொழுந்து மலையில் நிரை பிடித்து நிற்கும் அக்காமார், கங்காணி அந்தப் பக்கம் திரும்பியதும் பேசிக்கொள்கிற பேச்சை அப்படியே படத்தில் வைத்தால் எந்தத் தணிக்கையும் தாங்காது. மாசி மாதம் காமன் கூத்து. மதனும் ரதியும் கூடுவதும், சிவன் கண் திறந்து மதன் எரிவதும், ரதி அழுது புலம்புவதுமாக, ஆசையையே சாமியாக்கித் தப்படித்து ஆடுகிறார்கள். தாய்மாரும் பிள்ளைகளும் போர்வையைச் சுற்றிக்கொண்டு விடிய விடியப் பார்க்கிறார்கள். கல்யாண வீட்டிலோ சடங்கு வீட்டிலோ அத்தை மகனும் மாமன் மகளும் வாய்க்கு வாய் கொடுக்கும்போது பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வதில்லை. வெற்றிலையை மென்றுகொண்டு அவர்களும் ஒன்று எடுத்துக் கொடுப்பார்கள்.

ஆனால் அந்தக் கேலிக்கு முறை இருந்தது. மச்சினியைக் கேலி பண்ணலாம், தங்கச்சி முறையானவளைப் பண்ணக்கூடாது. கேலிக்கு ஆளானவள் அங்கேயே நிற்கிறாள்; அவளுக்கும் வாய் இருக்கிறது; அவள் திருப்பிக் கொடுத்தால் கூட்டம் அவள் பக்கம் சேர்ந்து சிரிக்கும். அவள் முகம் சுண்டினால் பேச்சு அந்த இடத்தில் நின்றுவிடும், ஏனென்றால் அவளுடைய அப்பாவும் மாமாவும் அதே கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். இதைப் பொற்காலம் என்று தூக்கிப் பிடிக்கவும் வேண்டியதில்லை. ‘முறைப் பையன்தானே’ என்ற ஒரே சொல்லால் எத்தனையோ அத்துமீறல்களைப் பெண்கள் விழுங்க வைக்கப்பட்டார்கள். இருந்தாலும், ஒரு நகைச்சுவை நியாயமானதா என்று பார்க்க அந்தப் பழக்கம் ஒரு கேள்வியைக் கையில் தருகிறது: யாரைப் பற்றிப் பேச்சோ, அவள் அந்தப் பேச்சில் இருக்கிறாளா?

‘முரட்டு குத்து’ வகைப் படங்களில் அவள் இல்லை. திரையில் நிறைய வருகிறாள், பேச்சில் இல்லை. ‘த்ரிஷா இல்லனா நயன்தாரா’வில் நாயகனுக்கு இருக்கும் பெரிய கவலை, தனக்குக் கிடைக்கப்போகிறவள் ‘கன்னியா’ என்பது. அவனுடைய சொந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை. இந்த அநியாயத்தைக் காட்டி அவனைப் பார்த்துச் சிரித்திருந்தால் அது நல்ல நகைச்சுவை ஆகியிருக்கும். படம் அவனோடு சேர்ந்து நின்று சிரிக்கிறது. குண்டான நண்பன், கறுத்த நண்பன், நடையில் நளினம் உள்ள ஆண் எல்லோருக்கும் இதே கதிதான். வந்து அடிவாங்கிவிட்டுப் போகவே அவர்கள் எழுதப்படுகிறார்கள்.

திரையில் நடப்பது திரையோடு போகட்டும் என்று விட்டுவிடலாமா? கொழும்பில் தனி அறையும் கதவும் உள்ளவனுக்கு அப்படிச் சொல்ல முடியலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில் ஒரு குடும்பமே படுத்து எழுகிற இடத்தில் அது நடக்காது. அடுத்த காம்பிராவில் இருமினால் இங்கே கேட்கும். இஸ்தோப்பில் உட்கார்ந்து அண்ணன் போனில் பார்க்கிற துண்டின் சத்தம், உள்ளே பாடம் படிக்கிற தங்கையின் காதிலும் விழுகிறது. அவள் குளிப்பது பீலிக்கரையில், நெஞ்சுக்கு மேல் பாவாடையைக் கட்டிக்கொண்டு, வருகிறவன் போகிறவன் கண்ணுக்கு முன்னால். உடம்பு வளர்கிற வயதில் ஒளிய ஓர் இடமில்லாதவளுக்கு, அந்த உடம்பைப் பற்றிய வசனம் வீட்டுக்குள்ளும் வருகிறது. மறுநாள் ஹட்டனுக்கு டியூஷன் போகிற பஸ்ஸில் அதே வசனம் பின் சீட்டிலிருந்து அவள் முதுகில் வந்து விழுகிறது. இலங்கையில் பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண்கள் 90 வீதம் என்று ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு சொன்னது. அந்தத் தொல்லையைச் சினிமா உண்டாக்கவில்லை. சினிமா வருவதற்கு முன்பும் பெண்கள் தலை குனிந்துதான் நடந்தார்கள். சினிமா கொடுப்பது தயாராக ஒரு வசனம், அதைச் சொல்லத் துணிச்சல், மாட்டிக்கொண்டால் ‘சும்மா படத்து டயலாக்தான் அக்கா’ என்று தப்பித்துக்கொள்ள ஒரு சந்து.

பையனுக்கும் ஒரு நியாயம் உண்டு. அவனுக்கும் கதவில்லை. மீசை அரும்பும் வயதில் உடம்பில் நடப்பதைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. பாடசாலையில் அந்தப் பாடம் வந்தால் ‘வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்’ என்று தாண்டிப் போகிற வகுப்புகள் எத்தனை! பாலியல் கல்வி என்று யாராவது பேச்செடுத்தால் மதத்தின் பேரிலும் கலாசாரத்தின் பேரிலும் எதிர்ப்புக் கிளம்புகிறது. ஆகவே அவனுடைய சிரிப்பில் பாதி பயம். தனக்கு மட்டும்தான் இப்படியோ என்று உள்ளே வெந்துகொண்டிருந்தவனுக்கு, இன்னும் மூன்று பேர் சேர்ந்து சிரிக்கும்போது மூச்சு வருகிறது. இந்த ஆறுதலைப் பச்சையான நகைச்சுவை தர முடியும், தரவும் வேண்டும்.

தரமுடியும் என்பதற்கு 2007இல் வந்த ‘சூப்பர்பேட்’ என்ற அமெரிக்கப் படத்தைச் சொல்லலாம். சேத் ரோகனும் எவன் கோல்ட்பர்க்கும் 13 வயதில் எழுதத் தொடங்கிய கதை; நாயகர்களுக்கும் சேத், எவன் என்றே பெயர். வாயைத் திறந்தால் அசிங்கம் தவிர வேறு வராது. ஆனால் அந்த இரண்டு பையன்களின் உண்மையான கவலை பள்ளி முடிந்து வேறு வேறு கல்லூரிக்குப் பிரிந்து போவது. பெண்களைப் பற்றிய வீராப்பு அத்தனையும் அந்தக் கவலையின் மேல் போர்த்திய துணி. தான் விரும்பியவள் போதையில் தன்னை நெருங்கி வரும்போது, இந்த நிலையில் கூடாது என்று எவன் விலகுகிறான். பார்க்கிறவன் சிரிப்பது அந்தப் பையன்களின் அசட்டுத்தனத்தைப் பார்த்து. குறையில்லாத படம் என்று சொல்வதற்கில்லை. அதிலும் பெண்கள் பாதி எழுதப்பட்டவர்கள்தான். ஆனாலும் பச்சையாகப் பேசுவதும் மனிதராக நடத்துவதும் ஒரே படத்தில் இருக்க முடியும் என்பதற்கு அது போதும்.

நம் படங்கள் நட்பை வைத்துத்தான் வியாபாரம் செய்கின்றன. அதனால் நட்பைப் பற்றியே கேட்கலாம். நட்பு கூடிச் சிரிப்பதற்கு மட்டும் இல்லை, நண்பன் வரம்பு மீறினால் முந்திக்கொண்டு இடித்துச் சொல்லவும்தான் என்றார் வள்ளுவர். இந்தப் படங்களில் நண்பனின் வேலை என்ன? உசுப்பிவிடுவது, அறைக்கு ஏற்பாடு பண்ணுவது, பொய் சொல்வது, தோற்றுவிட்டால் நக்கல் அடிப்பது. ‘டேய், போதும்டா, அந்தப் புள்ள முகத்தைப் பாரு’ என்று சொல்கிற ஒரு நண்பனை எழுதினால் படம் ஓடாது என்று யார் சொன்னது? டிக்கோயா பஸ்ஸின் பின் சீட்டில் அப்படிச் சொல்கிறவன் இருக்கிறான். சொன்னதற்காக அன்று பூராவும் ‘சாமியார்’ பட்டம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவனும் அவனே. அவனைச் சினிமாவும் கைவிட்டுவிட்டது.

இன்னொன்று, கொஞ்சம் உறைப்பாகவே சொல்ல வேண்டியது. மலையகத்துப் பையனுக்குக் கேலிப்பொருளாக இருப்பது என்றால் என்னவென்று யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போனவன் வாய் திறந்த உடனே அவன் பேச்சை வைத்து ஒருவன் சிரிப்பான். ‘தோட்டக்காட்டான்’ என்பான் இன்னொருவன். ‘சும்மா தமாசுக்குத்தான்’ என்பதும் கூடவே வரும். அந்தச் சமாதானத்தில் எவ்வளவு பொய் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அதே ஆள் தீபாவளிக்கு ஊருக்கு வந்து, ரோட்டில் போகிற பிள்ளையிடம் அதே சமாதானத்தைச் சொல்லும்போது, தெரியாமல் செய்தான் என்று மன்னிப்பது கஷ்டம்.

தடை செய்துவிடலாமே என்பார்கள். தோட்டத்தில் தடை என்றால் நடைமுறையில் அது யாரைப் பிடிக்கும்? போன் பறிக்கப்படுவது மகளிடமிருந்து. டியூஷன் நிறுத்தப்படுவது அவளுக்கு. ‘காலம் கெட்டுக் கிடக்கு’ என்று சீக்கிரமாகக் கட்டிக்கொடுக்கப்படுவதும் அவளே. மகன் வேறொருவன் போனில் பார்த்துக்கொள்வான். பொறுப்பை வேறு இடத்தில்தான் வைக்க வேண்டும். சிரிப்பு தானாக வந்துவிடுகிறது; மட்டமான வசனத்துக்கும் வரும், அதற்காக ஒருவனைத் தண்டிக்க முடியாது. ஆனால் அந்த வசனத்தைத் திருப்பிச் சொல்வது தானாக நடப்பதில்லை. யாரிடம், யார் காதில் விழும்படி, யாருடைய பெயரைச் சேர்த்துச் சொல்கிறோம் என்பதெல்லாம் முடிவெடுத்துச் செய்வது. வகுப்புத் தோழியின் பெயரை அந்தத் துண்டின் மேல் எழுதி வாட்ஸ்அப் குரூப்பில் விடுகிறவன் இயக்குநரின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. இயக்குநரும் ‘ஏ’ சான்றிதழின் பின்னால் முழுதாக ஒளிந்துகொள்ள முடியாது. தன் படம் எந்த வயதில், எந்த வடிவில் போய்ச் சேர்கிறது என்று தெரிந்தேதான் துண்டுக்கேற்றபடி வசனம் எழுதுகிறார்கள்.

லயத்துப் பையன்களை வைத்து ஒரு படம் யாராவது எடுக்கட்டும். பச்சையாகவே எடுக்கட்டும், அழுவாச்சிப் படங்கள் போதும். ஒரே காம்பிராவில் ஏழு பேரோடு வாலிபனாவதில் உள்ள அவஸ்தை ஒன்று போதும், இரண்டரை மணி நேரம் சிரிக்க. பீலிக்கரையில் நின்று பல்லைக் காட்டுகிற பையனிடம் கொழுந்தெடுக்கிற அக்கா ஒருத்தி திருப்பிப் பேசுகிற காட்சியும் அதில் வேண்டும். வசனத்தை அவளையே எழுதச் சொல்லலாம்.