மெருகில் தொலையும் படம்

1989 ஏப்ரல் முதல் 1996 ஜனவரி வரை ஜப்பானின் ஃபியூஜி தொலைக்காட்சியில் 291 பகுதிகளாக ஒளிபரப்பானது 'டிராகன் பால் இசட்'. தோயே அனிமேஷன் தயாரித்த இத்தொடரை, அமெரிக்காவில் உரிமை வைத்திருந்த ஃபனிமேஷன் நிறுவனம் 2007 முதல் ரீமாஸ்டர் செய்து ஒன்பது டிவிடி பெட்டிகளாக வெளியிட்டது. பெட்டியின் நிறத்தையும் பருமனையும் வைத்து ரசிகர்கள் அவற்றை 'ஆரஞ்சு செங்கல்' என்றே அழைக்கிறார்கள். அழுக்கு நீங்கி, நிறம் பளிச்சிட்டு, அகலத்திரை முழுவதையும் நிறைத்து வந்த அந்தப் படத்தில் இரண்டு இழப்புகள் இருந்தன. மேலும் கீழும் படம் வெட்டப்பட்டிருந்தது; கோடுகளின் நுணுக்கம் மழுங்கியிருந்தது. இவை எப்படி நேர்கின்றன, ஒன்று மற்றொன்றை எப்படி வளர்க்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்தப் பழைய அனிமேவின் புதுப் பதிப்பையும் நாமே எடைபோட முடியும்.

முதலில் அந்தப் படம் உருவான விதம். ஓவியர் பென்சிலால் வரைந்த கோடுகளைச் செல் என்னும் கண்ணாடி போன்ற தாளுக்கு மாற்றி, அதன் பின்பக்கம் வண்ணம் தீட்டுவார்கள். தனியே வரைந்த பின்னணியின் மேல் அந்தச் செல்லை வைத்து, மேலிருந்து கேமராவால் பிரேம் பிரேமாகப் படமெடுப்பார்கள். தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பெரும்பாலும் 16 மி.மீ. ஃபிலிம்தான் பயன்பட்டது. அதில் ஒரு பிரேமின் அகலம் ஏறத்தாழ 10 மி.மீ., உயரம் 7.5 மி.மீ. நான்குக்கு மூன்று என்ற இந்த விகிதமே அன்றைய தொலைக்காட்சிப் பெட்டியின் விகிதமும். ஓவியர், இயக்குநர், கேமராக்காரர் எல்லோரும் அந்தச் சட்டத்துக்குள்தான் யோசித்தார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். இன்றைய திரை 16:9. அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு 4:3 படத்தை 16:9 ஆக்கினால் உயரத்தில் சரியாக நான்கில் ஒரு பங்கு போய்விடும். 2007 பதிப்பில், தொலைக்காட்சியில் தெரியாத ஃபிலிமின் ஓரங்கள் பக்கவாட்டில் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தன. மேலும் கீழும் போனதற்கு அது ஈடாகவில்லை. இத்தொடரின் சண்டைகள் பெரும்பாலும் செங்குத்தாக நடப்பவை: ஒருவர் வானில் நிற்பார், மற்றவர் தரையில் இருந்து அண்ணாந்து பார்ப்பார். கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி நாயகன் கோக்கு 'கெங்கி-டாமா' என்னும் ஆற்றல் உருண்டையைத் திரட்டும்போது, அந்தக் கைகளுக்கு மேலுள்ள வெளியில்தான் காட்சியின் பிரமாண்டமே இருக்கிறது. 'சூப்பர் சையன்' என்னும் வடிவத்துக்கு அவன் மாறும்போது முடி மேல்நோக்கி எழுகிறது. உயரத்தை வெட்டினால் இத்தகைய காட்சிகளே முதலில் அடிபடும். 2013-இல் தொடங்கிய ப்ளூ-ரே பெட்டிகளில், எந்தப் பகுதியை விடுவது என்று காட்சிக்குக் காட்சி பார்த்தே வெட்டினார்கள். முகம் தப்பியது, ஆனால் வெட்டிய அளவு குறையவில்லை.

இரண்டாவது இழப்பைப் புரிந்துகொள்ள, கிரெய்ன் பற்றித் தெரிய வேண்டும். ஃபிலிமில் ஒளியைப் பதிவு செய்யும் நுண்துகள்கள் திரையில் பொடிப்பொடியாக அசைவதையே கிரெய்ன் என்கிறோம். 16 மி.மீ. பிரேம் மிகச் சிறியது என்பதால், அதைப் பெரிதாக்கும்போது கிரெய்னும் பெரிதாகத் தெரியும். இது தூசி போல வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல. படமே இத்துகள்களால் ஆனது. கோட்டின் கூர்மையும் நிறத்தின் ஏற்ற இறக்கமும் அவற்றில்தான் பதிந்திருக்கின்றன.

இந்த இடத்தில்தான் வெட்டுதலும் மழுங்கடித்தலும் கைகோக்கின்றன. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட ப்ளூ-ரேயில் முழு 4:3 படம் 1440 புள்ளி அகலத்தில் நிற்கும். அதையே வெட்டித் திரையை நிரப்பினால் அகலம் 1920 ஆகிறது. படம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பெருக்கப்படுகிறது. கிரெய்னும் அதே அளவு பருக்கிறது. பருத்த கிரெய்ன் கண்ணை உறுத்த, அதை அடக்க இரைச்சல் நீக்கும் மென்பொருளின் அளவைக் கூட்ட வேண்டியதாகிறது. முதல் முடிவே இரண்டாவதைக் கட்டாயமாக்குகிறது.

அந்த மென்பொருள் அடுத்தடுத்த பிரேம்களை ஒப்பிட்டு, எது நிலைத்திருக்கிறதோ அது படம், எது மாறுகிறதோ அது இரைச்சல் என்று தீர்மானிக்கிறது. அனிமேயில் ஒரே ஓவியம் இரண்டு, மூன்று பிரேம்களுக்கு நிற்பதால், நின்ற காட்சியில் இந்த உத்தி அழகாகவே வேலை செய்யும். ஓவியம் மாறும் கணத்தில்தான் தடுமாறும். வேகமாக நகரும் மெல்லிய கோடு, சட்டை மடிப்பு, தெறிக்கும் கல் எல்லாம் அதற்கு இரைச்சலாகத் தெரிகின்றன. களையெடுக்கும்போது பயிரும் சேர்ந்து வந்துவிடுகிறது. கோடு பாதியில் அறுகிறது. முந்தைய ஓவியத்தின் சாயல் அடுத்ததில் ஆவிபோல் ஒட்டிக்கொள்கிறது. தூரிகைத் தடம் தெரிந்த பின்னணி வழவழப்பான பிளாஸ்டிக் பரப்பாகிறது.

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் உண்டு. 2007-இல் அகலத்திரைத் தொலைக்காட்சி வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது. இருபுறமும் கறுப்புப் பட்டையோடு படம் பார்க்கப் பலருக்குப் பிடிக்கவில்லை. கையால் பிரேம் பிரேமாகச் சுத்தம் செய்வது நேரமும் பணமும் தின்னும் வேலை. 2011-இல் ஃபனிமேஷனே 4:3 விகிதத்தில், கிரெய்னைக் காத்து 'லெவல்' என்ற ப்ளூ-ரே வரிசையைத் தொடங்கியது. இரண்டு தொகுதிகளோடு அது நின்றுபோனது. ஆனால் வேறு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜப்பானில் 2003-இல் வந்த 'டிராகன் பாக்ஸ்' டிவிடிகள் முழுப் படத்தையும் காட்டின. அவற்றையே 2009 முதல் ஃபனிமேஷன் அமெரிக்காவிலும் வெளியிட்டது. 2012-இல் ப்ளூ-ரேயாக வந்த 'கவ்பாய் பீபாப்' தொடரும் தன் 4:3 சட்டத்தை விடவில்லை.

அகலத்திரை என்றாலே பிழை என்றும் முடிவுகட்டக் கூடாது. 'டிராகன் பால் இசட்' திரைப்படங்கள் தியேட்டரில் அகலத்திரையில் காட்டப்பட்டவை. அவற்றுக்கு அந்த வெட்டு முறையானதே. படைப்பாளர் எந்தச் சட்டத்தை மனத்தில் வைத்து அமைத்தார் என்பதுதான் அளவுகோல். அதுபோல, தூசி, கீறல், பிரேம் நடுக்கம், மங்கிய நிறம் ஆகியவற்றைச் சரிசெய்வது நல்ல ரீமாஸ்டரின் கடமையே. அவை காலமும் கருவியும் சேர்த்தவை. சட்டமும் கிரெய்னும் படைப்போடு பிறந்தவை.

ஆகவே, பழைய தொடரின் புதுப் பதிப்பை வாங்குமுன் அட்டையில் 4:3 என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே காட்சியைப் பழைய பதிப்போடு ஒப்பிட்டு, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இடம் குறைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். நின்ற படத்தை நம்பாமல், வேகமான சண்டையில் நிறுத்திக் கோடுகள் முழுமையாக இருக்கின்றனவா என்று சோதியுங்கள். அகலத்திரையில் பார்க்க விரும்புபவர் தம் தொலைக்காட்சியின் ஜூம் பொத்தானை அழுத்திக்கொள்ளலாம். வட்டிலேயே வெட்டப்பட்ட படத்தை எந்தப் பொத்தானாலும் மீட்க முடியாது. முழுப் படத்தைத் தரும் பதிப்புக்கே உங்கள் பணத்தைக் கொடுங்கள்.