பின்னால் வருபவரின் ஓய்வு

இருவர் சேர்ந்து சைக்கிளில் நெடுந்தூரம் போனால், யாருடைய வேகத்தில் போவது என்ற கேள்வி முதல் நாளே வந்துவிடும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மாட்டுப் பண்ணைகள் நிறைந்த பிக் ஹோல் பள்ளத்தாக்கில் நானும் கணவரும் போனபோது அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட வழியே இருக்கவில்லை. விஸ்டம் என்ற சிற்றூரை விட்டால் அடுத்தது ஜாக்சன். நடுவே சுமார் 30 கிலோமீட்டர் வெட்டவெளி. இருபுறமும் முள்கம்பி வேலி, அதற்கப்பால் மேய்ச்சல் நிலம், வீடு உயரத்துக்கு உலர்புல் போர்கள். எதிர்க்காற்றுக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

காற்றில் பிரிந்து போகக் கூடாது. முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார். ஒட்டிப் பின்னால் வருபவருக்கு மிதிப்பது எளிதாகும். அப்படி ஒட்டி வருபவருக்குச் சாலை தெரியாது, முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். பண்ணைச் சாலைகளில் மாடுகள் தாண்டாதபடி குறுக்கே இரும்புக் கம்பிகளை இடைவெளி விட்டுப் பதித்திருப்பார்கள். சக்கரம் அதை நேராகக் கடக்க வேண்டும். கோணலாக ஏறினால் வழுக்கும். முன்னால் போகிறவர் கைகாட்டிச் சொன்னால்தான் பின்னால் வருபவர் தப்பிப்பார்.

ஏற்றத்தில் நியாயம் வேறு. ஜாக்சனிலிருந்து டில்லன் போகும் வழியில் பிக் ஹோல், பேட்ஜர் என்று இரண்டு கணவாய்கள். அங்கே அவரவர் மூச்சு அவரவருக்கு. மெதுவாக ஏறுபவரை விரட்டினால் பாதியில் ஓய்ந்துபோவார். வேகமாக ஏறுபவரைப் பிடித்து நிறுத்தினால் அவருக்குக் கால் கடுக்கும். பிரிந்து ஏறி, உச்சியில் சேர்வதுதான் சரி.

சிக்கல் உச்சியில்தான். முன்னால் போனவர் அதற்குள் தண்ணீர் குடித்து, வேர்வை காய்ந்து, குளிர ஆரம்பித்திருப்பார். பின்னால் வந்தவர் காலை ஊன்றும்போதே “கிளம்பலாமா?” என்பார். இப்படியே போனால், அதிகம் களைத்தவருக்கே ஓய்வு இல்லாமல் போகும். அதனால் நாங்கள் ஒன்று முடிவு செய்தோம்: பின்னால் வருபவர் வந்து சேர்ந்த பிறகே ஓய்வு நேரம் தொடங்கும், எப்போது கிளம்புவது என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

அந்தச் சாலை வழியாகப் போகும், அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் டிரான்ஸ்அமெரிக்கா சைக்கிள் பாதைக்கும் இரண்டு தம்பதிகளே மூலகாரணம். டான், லிஸ் பர்டன் தம்பதியும் கிரெக், ஜூன் சைபிள் தம்பதியும் அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினாவுக்குச் சைக்கிளில் கிளம்பியவர்கள். மெக்சிகோவில் டானுக்குக் கல்லீரல் அழற்சி வந்து பர்டன் தம்பதி ஊர் திரும்பினார்கள். சைபிள் தம்பதி 1975இல் பயணத்தை முடித்தார்கள். ஆனால் வழியில் பேசிய கனவு கலையவில்லை. அமெரிக்காவின் 200ஆம் சுதந்திர ஆண்டான 1976இல், ஆயிரக்கணக்கானோர் அந்த நாட்டைக் குறுக்கே சைக்கிளில் கடக்க நால்வரும் சேர்ந்து வழிசெய்தார்கள்.

குடும்பத்திலும் காற்று உண்டு, ஏற்றம் உண்டு. கடனும் நோயும் வந்தால் ஒட்டித்தான் போக வேண்டும், முறைமாற்றி முன்னால் நிற்க வேண்டும். துக்கம் ஏற்றம் மாதிரி. என் அம்மா போனபின் கணவர் என்னைவிடச் சீக்கிரம் தேறிவிட்டார். அவருக்கும் அம்மா மேல் பாசம்தான். ஆனால் மனசுகள் ஒரே நேரத்தில் தேறுவதில்லை. “இன்னும் எத்தனை நாளைக்கு?” என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நான் பழைய புடவைகளை எடுத்து மடித்து வைத்துக்கொண்டிருந்தால், பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

ஆகவே, இருவரின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் இப்போது நினைப்பதில்லை. முன்னால் போகிறவர் போகட்டும். முன்னால் போய்ச் சேர்ந்ததாலேயே அடுத்த அடியை முடிவு செய்யும் உரிமை வந்துவிடாது என்று தெரிந்தவரோடு எவ்வளவு தூரமும் போகலாம்.