முருகனுக்கு முடிஞ்சு வச்ச காசு



இந்த வாரம் கடனைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். நமக்கு வர்ற மெசேஜ்ல பாதி, "அண்ணா, கடன் தீர எந்தப் பாட்டு படிக்கணும்?" என்பதுதான். நானும் அதே கேள்வியோட திருச்செந்தூர் கடற்கரையில் உட்கார்ந்திருந்தவன்தான்.

கிரெடிட் கார்டில் எனக்கு 50,000 ரூபாய் பாக்கி. புது போன், நண்பர்களோட டூர், தீபாவளி டிரெஸ். சொல்ல வெட்கமா இருக்கு, அந்தத் திருச்செந்தூர் பயணமும் அதே கார்டுலதான். மாசாமாசம் 'மினிமம் டியூ' 2,500 கட்டிட்டு, ஒழுங்கா கட்டுறோம்னு நினைச்சிட்டிருந்தேன். உண்டியல்ல 501 போட்டு, "முருகா, கடனைத் தீர்த்து வை"ன்னு அழுதேன். ஆனா ஸ்டேட்மென்ட்டை ஒரு தடவைகூட முழுசா திறந்து பார்த்ததில்லை. பயம்.

வீட்டுக்கு வந்து திறந்தேன். வட்டி மாதம் 3.5 சதவீதம். 50,000-க்கு 1,750 ரூபாய். அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி 315. ரெண்டும் சேர்ந்து 2,065. நான் கட்டின 2,500-ல் அசல் குறைஞ்சது வெறும் 435 ரூபாய்! அதுவும் அந்த மாசம் கார்டைத் தேய்க்காம இருந்திருந்தா.

அன்னைக்கு அருணகிரிநாதர் வரலாறு எனக்கு வேற மாதிரி புரிஞ்சது. சொத்தையெல்லாம் அழிச்சு, மனசு உடைஞ்சு, திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதிச்சவரை முருகன் தாங்கிப் பிடிச்சான்னு சொல்வாங்க. தொலைச்ச சொத்தைத் திருப்பிக் கொடுத்ததா நான் எங்கேயும் கேட்டதில்லை. 'பாடு'ன்னு வேலை கொடுத்தான். அவரும் தலம் தலமா நடந்து பாடினார். உயிரைப் பிடிச்சது அவன், நடந்தது இவர்.

எங்க வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லைன்னா அம்மா மஞ்சள் துணியில் ஒத்தை ரூபாய் முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வைப்பாங்க. சின்ன வயசுல ஐஸ் வாங்க அதை எடுக்கப் போய் அடி வாங்கியிருக்கேன். "அது முருகன் காசுடா, நம்மது இல்ல." கைச்செலவுக்கே இல்லாத நாள்லயும் அந்த முடிச்சை அம்மா அவிழ்த்ததில்லை. அந்த ஒத்தை ரூபாய்க்கு இருந்த மரியாதை என் 50,000 கடனுக்கு இல்லையேன்னு தோணிச்சு.

நகரத்தார் பெரியவங்க கோயிலுக்குன்னு மகமை எடுத்து வைப்பாங்க. வட்டித் தொழிலே பண்ணினவங்க, வட்டி எப்படி வளரும்னு அவங்களுக்கா தெரியாது? 1859-ல் சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினதும் அவங்கதான். முதல்ல எடுத்து வை, மிச்சத்தில் வாழு. நான் அந்தப் பழக்கத்தைக் கடனுக்கு வச்சேன். சம்பளம் வந்த அன்னைக்கே 8,000 ரூபாய் கட்டிடுவேன். கார்டு அம்மா பீரோவில். ராத்திரி பிரியாணி ஆர்டர் நின்னுபோச்சு (அதுதான் ரொம்பக் கஷ்டம்).

மைத்ர முகூர்த்தத்தில் கடனில் கொஞ்சம் கட்டினா சீக்கிரம் அடையும்னு நிறைய பேர் ஃபார்வர்ட் பண்றீங்க. தாராளமா அந்த நேரத்திலேயே கட்டுங்க. ஆனா வட்டிக்கு மேல கட்டுங்க, அப்பதான் அசல் இறங்கும். அவ்வளவு முடியலைன்னா பேங்க்ல பேசி, பாக்கியைக் குறைஞ்ச வட்டி இஎம்ஐயா மாத்த முடியுமான்னு கேளுங்க. ஒரு லோன் ஆப்பை அடைக்க இன்னொரு ஆப்பில் வாங்காதீங்க. கடன் வாங்கிய காசை உண்டியலிலும் போடாதீங்க, அவன் கேட்கலை.

ஏழு மாசம் ஆச்சு. அடுத்த சம்பளத்தில் கட்ட வேண்டியது 3,000 சொச்சம்தான். அது முடிஞ்சதும் திருச்செந்தூர் போறேன். பஸ் காசு இப்பவே மஞ்சள் துணியில் இருக்கு.

வேலும் மயிலும் துணை.